பால் போல வெளுத்தால் மட்டும் போதுமா?

கும்மிடிப்பூண்டி வட்டம் ஆரம்பாக்கத்தில் நவரை நெல் தூர் கட்டும் நேரம். வயல் பார்க்கப் போன என் முன்னால் பெரியவர் ஒருவர் இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து வரப்பில் வைத்தார். இரண்டிலும் ஒரே மருந்து, ஒரே அளவு. ஏரித் தண்ணீரில் கலந்தது பசும்பால் போல வெளுத்திருந்தது. அவருடைய போர் தண்ணீரில் கலந்ததில் மேலே எண்ணெய் வளையம் கட்டியிருந்தது. நடுவில் திரிந்த பால் போலத் துணுக்குகள் மிதந்தன.

"மருந்து டூப்ளிகேட்டா சார், இல்ல நம்ம தண்ணியில கோளாறா?" என்று கேட்டார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கிய மருந்து அது. பில் கிடையாது. தெளித்து ஐந்து நாள் ஆகியும் பூச்சி குறையவில்லை. அங்கங்கே இலை நுனி மட்டும் கருகியிருந்தது. கூலி, மருந்து இரண்டும் போய், இன்னொரு முறை தெளிக்கலாமா என்ற யோசனையில் இருந்தார்.

அவர் கேட்ட கேள்விக்கு உள்ளே ஒரு முழுப் பாடம் இருக்கிறது. நாம் தெளிக்கும் மருந்துகளில் பெரும்பகுதி தொட்டிக்குள் பால்மமாகத்தான் மாறுகிறது. ஆங்கிலத்தில் எமல்ஷன் என்பார்கள். ட்ரோன் தெளிப்பு ஊருக்கு ஊர் வந்துகொண்டிருக்கிறது. குளோர்பைரிபாஸ் போன்ற பழைய மருந்துகள் உலக அளவில் விடைபெறத் தொடங்கிவிட்டன. இந்த நேரத்தில் பால்மத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் மருந்துக் கடைக்குப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவது போலத்தான்.

எண்ணெயும் தண்ணீரும் எப்படிச் சேர்கின்றன?

ஒன்றோடொன்று கரையாத இரண்டு திரவங்களில் ஒன்று, மற்றதற்குள் மிக நுண்ணிய துளிகளாகப் பரவி நிற்பதே பால்மம். இதற்குப் பாலை விட நல்ல உதாரணம் கிடையாது. பாலில் உள்ள கொழுப்பு கரைந்திருக்கவில்லை. சராசரியாக 3 முதல் 4 மைக்ரான் அளவுள்ள உருண்டைகளாக மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அளவு புரியும். இந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் பால் வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சிமருந்து தண்ணீரில் பட்டதும் வெளுப்பதற்கும் அதே காரணம்தான். வெள்ளை நிறம் மருந்துக்கு உரியதல்ல, துளிகளுக்கு உரியது.

எண்ணெயையும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் கொஞ்ச நேரம் கலந்தது போல இருக்கும், பிறகு பிரிந்துவிடும். பிரியாமல் பிடித்து வைக்க மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். அவர்தான் பால்மமாக்கி. அதன் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயை விரும்பும், மறுமுனை தண்ணீரை விரும்பும். துளியைச் சுற்றித் தோல் போலப் படர்ந்து, ஒரு துளி இன்னொன்றோடு சேராமல் தடுக்கும். பாலில் அந்த வேலையைப் புரதமும் பாஸ்போலிப்பிடும் செய்கின்றன. வேப்பெண்ணெய்க் கரைசலில் சோப்பு செய்கிறது. கடை மருந்தில் நிறுவனமே சேர்த்து அனுப்புகிறது.

எது உள்ளே, எது வெளியே என்பதுதான் பால்மத்தின் முதல் வகைப்பாடு. தண்ணீருக்குள் எண்ணெய்த் துளி இருந்தால் நீரில் எண்ணெய்ப் பால்மம்: பால், தேங்காய்ப்பால், தெளிப்பான் தொட்டியில் உள்ள மருந்து. எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளி இருந்தால் எண்ணெயில் நீர்ப் பால்மம்: வெண்ணெய், மார்ஜரின். துளிக்குள்ளேயே இன்னொரு துளி இருக்கும் கூட்டுப் பால்மமும் உண்டு, நமக்கு அது வேண்டாம்.

ஒருவகை மற்றொரு வகையாகத் தலைகீழாவதை நம் வீட்டுப் பெண்கள் தினமும் செய்திருக்கிறார்கள். தயிரைக் கடையக் கடையக் கொழுப்புத் துளிகளின் தோல் கிழிந்து, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் கொழுப்பு வெளியே வந்து தண்ணீரைத் தனக்குள் சிறைப்பிடிக்கிறது. மத்தின் வேலை பால்மத்தைத் தலைகீழாக்குவது. வேதியியல் பாடத்தில் இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. பாட்டிக்குப் பெயர் தெரியாவிட்டாலும், எந்தச் சூட்டில் கடைந்தால் சீக்கிரம் திரளும் என்பது தெரியும்.

எந்த வகை என்று கண்டுபிடிப்பதும் எளிது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். உடனே பரவினால் வெளியே இருப்பது தண்ணீர். பரவாமல் உருண்டை உருண்டையாக மிதந்தால் வெளியே இருப்பது எண்ணெய். ஆய்வகத்தில் சாயம் இட்டும், மின்சாரம் கடத்துகிறதா என்று பார்த்தும் உறுதி செய்வோம். தண்ணீர் வெளியே இருக்கும் பால்மம்தான் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

எண்ணூரில் வாளியால் அள்ளியது என்ன?

எண்ணெயில் நீர்ப் பால்மத்தின் மிக மோசமான உதாரணத்தை நம் திருவள்ளூர் கடற்கரை இரண்டு முறை பார்த்துவிட்டது. 2017 ஜனவரி 28-ம் தேதி அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த கனரக எரிபொருள் எண்ணெய் எர்ணாவூர் கரையில் வந்து ஒதுங்கியபோது, மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளி வாளியாக அள்ளியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இந்தக் காலத்தில் வாளியா என்று பலர் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களுக்குப் பால்மம் தெரியாது.

கனரக எண்ணெயில் உள்ள அஸ்பால்டீன் என்ற பொருளே இயற்கையான பால்மமாக்கி. அலை மத்தாக நின்று கடைய, எண்ணெய் கடல்நீரைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. இப்படி உருவாகும் கூழில் பாதிக்கு மேல் தண்ணீராகவே இருக்கலாம். கசிந்தது ஒரு பங்கு என்றால் அள்ள வேண்டியது மூன்று, நான்கு பங்காகப் பெருகிவிடும். வெண்ணெய் போல இறுகிவிடுவதால் சாதாரண பம்பு இழுக்காது.

இரண்டாவது முறை 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் வளாகத்திலிருந்து வெள்ளநீரோடு எண்ணெய் வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குள் பரவி, அலையாத்திச் செடிகளிலும் படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

இதில் விவசாயிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முதல் சில மணி நேரத்தில் எண்ணெய் எண்ணெயாக இருக்கும்போது தடுத்து எடுப்பது எளிது. கடையப்பட்ட பிறகு எடுப்பது பல மடங்கு கடினம். ஆலைகளுக்கு அருகே, வெள்ளம் பாயும் தாழ்வில் நிலம் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் வாய்க்காலில் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்தால், அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் எழுத்தில் கொடுக்க வேண்டும். மடையை அடைத்துவிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடைய வேண்டிய இடத்தில் உடைய வேண்டும்

துளியின் அளவை வைத்தும் பால்மங்களைப் பிரிக்கிறார்கள். துளி மைக்ரான் அளவில் இருந்தால் வெள்ளையாகத் தெரியும், காலப்போக்கில் பிரியும். துளியின் அளவு 100 நானோமீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டால் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரியும். அதிகப் பால்மமாக்கி சேர்த்து, தானாகவே உருவாகிப் பிரியாமல் நிற்கும் வகைக்கு நுண்பால்மம் என்று பெயர். ஆகவே 'வெளுக்கவில்லை, எனவே போலி' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நுண்பால்ம மருந்து வெளுக்காது. நீரில் முழுதாகக் கரையும் மருந்தும் வெளுக்காது.

பால்மமாக்கியின் மின்னேற்றத்தை வைத்து எதிர்மின், நேர்மின், மின்னேற்றம் அற்றது என்றும் பிரிப்பார்கள். தேசிய நெடுஞ்சாலையில் தார் போடும் முன் பழுப்பு நிறத் திரவம் ஒன்றைத் தெளிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது தார்ப் பால்மம். தண்ணீர் பிரிந்ததும் பழுப்பு கறுப்பாக மாறும், தார் கல்லில் ஒட்டிக்கொள்ளும். வேகமாக உடைவது, நிதானமாக உடைவது, மெதுவாக உடைவது என்றே அதற்குத் தரம் பிரித்திருக்கிறார்கள். (சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்டும் பெயரளவில் பால்மம்தான். உண்மையில் அதில் மிதப்பது பிளாஸ்டிக் துகள், திரவத் துளி அல்ல.)

தார்ப் பால்மம் நமக்கு ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டுகிறது. நல்ல பால்மம் என்றால் எப்போதும் உடையாத பால்மம் என்று அர்த்தமில்லை. தொட்டியில் இருக்கும் வரை உடையக் கூடாது. இலையில் பட்டு நீர் ஆவியானதும் உடைந்து, மருந்து இலையின் மெழுகுப் படலத்தில் ஒட்ட வேண்டும். 'நன்றாகக் கலக்கட்டும்' என்று டீப்பாலையோ சோப்புத்தூளையோ அள்ளிப் போட்டால், மருந்து இலையில் நிற்காமல் வழிந்து தரைக்குப் போய்விடும். அடுத்த மழையில் அதுவும் கழுவிக்கொண்டு போகும்.

டப்பாவின் மேல் இருக்கும் எழுத்து

மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் இரண்டு எழுத்தும் இருக்கும். குளோர்பைரிபாஸ் 20 இ.சி. என்றால் 20 விழுக்காடு மருந்து உள்ள, பால்மமாகக்கூடிய அடர்கரைசல். டப்பாவுக்குள் இருப்பது இன்னும் பால்மம் அல்ல. மருந்தும் கரைப்பானும் பால்மமாக்கியும் கலந்த தெளிந்த எண்ணெய். தண்ணீரில் பட்ட பிறகே அது பால்மமாகிறது. அந்தக் கரைப்பான் பெரும்பாலும் சைலீன் போன்ற பெட்ரோலியப் பொருள். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாடையில் பெரும்பங்கு அதனுடையது.

இ.டபிள்யூ. என்று இருந்தால் ஆலையிலேயே பால்மமாக்கி, தண்ணீரோடு அனுப்பியிருக்கிறார்கள். நெல்லில் நாம் போடும் களைக்கொல்லி பிரிட்டிலாகுளோர் 50 இ.சி. ஆகவும் வருகிறது, 37 இ.டபிள்யூ. ஆகவும் வருகிறது. மருந்து ஒன்றுதான், உடுத்திய சட்டை வேறு. மருந்தின் விழுக்காடு மாறுவதால் ஒன்றின் மி.லி. கணக்கை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. எம்.இ. என்றால் நுண்பால்மம். எஸ்.இ. என்பது திடத் துகளும் எண்ணெய்த் துளியும் சேர்ந்தது. எஸ்.சி., டபிள்யூ.பி., டபிள்யூ.ஜி. ஆகியவை தண்ணீரில் மிதக்கும் துகள்கள், பால்மம் அல்ல. எஸ்.எல். என்பது கரைசல்.

உலகம் முழுவதும் இ.சி. வகையிலிருந்து நீர் சார்ந்த வகைகளுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. கரைப்பான் தீப்பிடிக்கும், தோல் வழியாக மருந்தை உடலுக்குள் வேகமாகக் கடத்தும், வெயிலில் இலையைக் கருக்கும் என்பவை காரணங்கள். ஆனாலும் இ.சி. நம் கடைகளில் நிலைத்து நிற்பதற்குத் தயாரிப்பது எளிது, விலை குறைவு என்ற இரண்டு காரணங்களும் போதும். அந்த விலைக் குறைவின் ஒரு பகுதியைத் தெளிப்பவர் தன் தோலாலும் மூச்சாலும் கட்டுகிறார் என்பது என் கருத்து.

உப்புத் தண்ணீர் செய்யும் வேலை

இனி பெரியவரின் போர் தண்ணீருக்கு வருவோம். மருந்தின் பால்ம நிலைத்தன்மையைச் சோதிக்க ஆய்வகங்கள் 342 பி.பி.எம். கடினத்தன்மை உள்ள திட்ட நீரைப் பயன்படுத்துகின்றன. அதில் மருந்தைக் கலந்து 30 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தால், 100 மி.லி.யில் மேலே ஏடும் கீழே வண்டலும் சேர்ந்து 2 மி.லி.க்கு மேல் பிரியக் கூடாது.

நம் பகுதித் தண்ணீர் அந்த 342-க்குள் இருக்கிறதா? ஆரம்பாக்கம் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர். தெற்கே மீஞ்சூர் பகுதியில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளேறியது 1960-களிலேயே கண்டறியப்பட்டது. இந்தக் கரையோரத்தில் பல போர்களின் தண்ணீர் திட்ட நீரை விடக் கடினமாகவும் உப்பாகவும் இருக்கும். கால்சியமும் மக்னீசியமும் எதிர்மின் பால்மமாக்கியைப் பிடித்துக்கொள்ளும். அப்போது துளியின் தோல் கிழிகிறது, துளிகள் சேர்கின்றன, எண்ணெய் மேலே வருகிறது. தொட்டியில் எண்ணெய் பிரிந்தால், முதலில் தெளித்த செடிக்கு வெறும் தண்ணீர் போகும். கடைசியில் தெளித்த செடிக்கு மருந்து எண்ணெயாகவே போகும். ஒரே வயலில் பூச்சியும் சாகாமல் இலையும் கருகுவதற்கு இதுவே காரணம்.

தண்ணீரில் மட்டுமல்ல, நாமாகப் போடும் உப்பாலும் இது நடக்கும். துத்தநாக சல்பேட், டி.ஏ.பி. கரைசல் போன்றவற்றை இ.சி. மருந்தோடு ஒரே தொட்டியில் கலப்பது இன்று பரவலான பழக்கம். ஒரு கூலியில் இரண்டு வேலை முடியும் என்பது கணக்கு. பல நேரம் இரண்டுமே வீணாகிறது.

சோதிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். தெளிக்கப் போகும் அதே தண்ணீரை முக்கால் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு எத்தனை மி.லி. என்ற சிபாரிசுப்படி மருந்தை ஊற்றி, தண்ணீரை நிரப்பி, மூடி, பத்துப் பதினைந்து முறை தலைகீழாகத் திருப்புங்கள். கையுறை அவசியம். பிறகு அரை மணி நேரம் நிழலில் வையுங்கள். மேலே மெல்லிய வெள்ளை ஏடு கட்டி, திருப்பினால் மறுபடி கலந்தால் அது வெறும் ஏடு. கலக்கிக்கொண்டே உடனே தெளிக்கலாம். பளபளக்கும் எண்ணெய் வளையமோ தயிர்த் துணுக்கோ வந்து, திருப்பினாலும் போகவில்லை என்றால் பால்மம் உடைந்துவிட்டது. அந்தக் கலவையைத் தொட்டியில் ஏற்றாதீர்கள். ஏடு கட்டுவது வேறு, உடைவது வேறு. ஆட்டுப் பாலில் ஏடு எளிதில் திரளாது, பசும்பாலில் திரளும். இரண்டும் நல்ல பால்தான். திரிந்த பாலை எத்தனை முறை ஆற்றினாலும் பாலாகாது.

இரண்டு மருந்துகளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், சிபாரிசு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பாதித் தொட்டி தண்ணீரில் தூள் வகை, பிறகு எஸ்.சி., அதன் பிறகு இ.சி., கடைசியில் எஸ்.எல். என்ற வரிசையில் ஊற்றுங்கள். பாட்டில் சோதனையும் அதே வரிசையில்.

வேப்பெண்ணெய்க்கும் இதே விதிதான்

புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் 3 விழுக்காடு வேப்பெண்ணெய் சிபாரிசில் இருக்கிறது. 10 லிட்டர் தொட்டிக்கு 300 மி.லி. வேப்பெண்ணெய். தெளித்தும் பலனில்லை என்று சொல்பவர்களில் பலர், தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு மேலே எண்ணெயை ஊற்றிக் குச்சியால் கலக்கியவர்கள். அது பால்மமே ஆகாது.

முதலில் எண்ணெயோடு காதி சோப்புக் கரைசலையோ, லிட்டர் தெளிப்புக்கு 1 மி.லி. கணக்கில் டீப்பாலையோ சேர்த்து நன்றாகக் குழப்புங்கள். அதில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். முதலில் கெட்டியாகிப் பிறகு திடீரென்று இளகி வெள்ளையாகும். எண்ணெயில் நீர், நீரில் எண்ணெயாகத் தலைகீழாவது அந்த நொடியில்தான். அதன் பிறகு மீதித் தண்ணீரைச் சேர்த்து வடிகட்டுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் திப்பித் திப்பியாகப் போகும். அங்கே சோப்பு வேண்டாம், டீப்பால் ஓரளவு தாக்குப் பிடிக்கும். ஏரித் தண்ணீர் கிடைத்தால் அதுவே நல்லது.

ஆய்வு மாணவனாக இருந்தபோது அவரைச் செடிக்கு நண்பகலில் வேப்பெண்ணெய் தெளித்து, ஒரு பாத்தி முழுவதையும் கருக்கியவன் நான். கலவை சரியாகத்தான் இருந்தது. வெயில்தான் கணக்கில் வரவில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் தெளியுங்கள்.

ட்ரோன் வந்தால் என்ன மாறும்?

ட்ரோன் தெளிப்புக்கான வழிகாட்டு நெறிமுறையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. 2022 ஏப்ரலில், ஏற்கெனவே பதிவு பெற்ற 477 மருந்துகளை ட்ரோனில் பயன்படுத்த இரண்டு ஆண்டு இடைக்கால அனுமதி தந்தது. 2023 நவம்பரில் 1,261 கோடி ரூபாயில் நமோ ட்ரோன் தீதி திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் விலையில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்துப் புகைக்குள் நடக்கும் வேலை குறைவது உண்மையிலேயே நல்ல செய்தி. நான் ட்ரோனுக்கு எதிரி இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர். ட்ரோனில் சுமார் 10 லிட்டர். ஏக்கருக்கு 500 மி.லி. மருந்து என்றால் முன்பு லிட்டருக்கு 2.5 மி.லி., இப்போது லிட்டருக்கு 50 மி.லி. கலவை 20 மடங்கு அடர்த்தி. மருந்து மட்டுமல்ல, கரைப்பானும் பால்மமாக்கியும் 20 மடங்கு. ஒவ்வொரு துளியும் இலையில் விழும்போது கூடுதல் காரத்தோடு விழுகிறது. குழாயின் ரப்பர் வளையங்களைக் கரைப்பான் அரிக்கும். காற்றில் அடித்துச் செல்லப்படும் ஒரு துளியும் பக்கத்து வயலுக்கு 20 மடங்கு வலுவோடு போகும்.

ஆகவே ட்ரோன் ஓட்டுபவரிடம் வாடகை பேசும்போதே மூன்று விஷயம் கேளுங்கள். இந்த மருந்துக்கு, இந்தப் பயிருக்கு ட்ரோன் அளவு என்ன? கலக்கத் தண்ணீர் எங்கிருந்து? பாட்டில் சோதனை செய்தீர்களா? 10 லிட்டர் தண்ணீர்தானே, வீட்டிலிருந்து சேமித்த மழைநீரையே கொடுத்துவிடலாம். உப்புத் தண்ணீர் பிரச்சினைக்கு ட்ரோன் தரும் ஒரே சலுகை அது. இ.சி., எஸ்.சி. இரண்டும் கடையில் இருந்தால் ட்ரோனுக்கு எஸ்.சி.யைக் கேளுங்கள்.

குளோர்பைரிபாஸ் போகும் பாதை

2025 மே மாதம் ஜெனீவாவில் முடிந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை மாநாட்டில், நீண்ட காலம் அழியாத நச்சுப் பொருட்களின் ஒழிப்புப் பட்டியலில் குளோர்பைரிபாஸ் சேர்க்கப்பட்டது. சில பயன்பாடுகளுக்கு விலக்கும் தரப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-லேயே இதைக் கைவிட்டது. இந்தியா 2006 முதல் இந்த உடன்படிக்கையில் இருக்கிறது. ஆனால் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பொருளையும் இந்தியா தனியாக ஏற்றால்தான் இங்கே அது செல்லும். எனவே ஜெனீவாவில் பட்டியலில் சேர்ந்ததாலேயே நாளை காலை கடையிலிருந்து மறையாது. மாம்பழமோ மிளகாயோ ஏற்றுமதிக்குப் போகிறது என்றால் மட்டும் வாங்குபவரின் எச்ச அளவு இன்றே உங்களைக் கட்டுப்படுத்தும்.

நம் மாநிலத்தில் 2023-ல், உயிரிழப்புகளைத் தடுக்கும் நோக்கில் ஆறு பூச்சிமருந்துகளுக்கு அரசு 60 நாள் தற்காலிகத் தடை விதித்தது. மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், புரபனோபாஸ், குளோர்பைரிபாஸ், பின்னிரண்டும் சைபர்மெத்ரினோடு சேர்ந்த இரண்டு கலவைகள். இதில் நான்கு இ.சி. வகையாக விற்பவை என்பதைக் கவனியுங்கள். எல்லை ஓர ஊர்களில் ஒரு மாநிலத்தின் 60 நாள் தடை எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஆரம்பாக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இ.சி. மருந்து வயிற்றுக்குள் போய்விட்டால் உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கரைப்பான் மேலேறி நுரையீரலுக்குள் போனால் நிலைமை மோசமாகும். பாலும் எண்ணெயும் கொடுக்காதீர்கள். உடையைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் உடன் அனுப்புங்கள்.

தொட்டியைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடுவதும் நம் பகுதியில் சாதாரணமாக நடக்கிறது. குளோர்பைரிபாஸும் பைரித்ராய்டு மருந்துகளும் மீனுக்கும் இறாலுக்கும் கடும் நஞ்சு. பால்மமாக இருப்பதால் தண்ணீரில் மேலே மிதந்து நிற்காமல் எங்கும் பரவும். வாய்க்கால் முடிவது இறால் குட்டையிலோ பழவேற்காட்டிலோதான். டப்பாவை மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரைத் தெளிப்புத் தொட்டியிலேயே ஊற்றுங்கள். அதுவும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மருந்து.

மூன்றாவது பாட்டில்

பெரியவரின் கேள்விக்கு விடை காண அன்று மாலை மூன்றாவது பாட்டில் ஒன்று வைத்தோம். அதே மருந்து, அதே 20 இ.சி., ஆனால் பக்கத்து வயல்காரர் பில்லோடு வாங்கிய வேறு நிறுவனத்தது. தண்ணீர் பெரியவரின் போர் தண்ணீர். அரை மணி நேரத்தில் மெல்லிய ஏடு கட்டியது, திருப்பியதும் கலந்தது. எண்ணெய் பிரியவில்லை. தண்ணீரைச் சோதித்ததில் கடினத்தன்மை 342-ஐத் தாண்டியிருந்தது.

ஆகவே கோளாறு இரண்டிலும் இருந்தது. தண்ணீர் கடினம், அந்த மருந்தின் பால்மமாக்கி அந்தக் கடினத்தைத் தாங்கவில்லை. ஆனால் அதை டூப்ளிகேட் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆய்வகம் 342 திட்ட நீரில்தான் சோதிக்கும். அங்கே தேறினாலும் தேறும். மருந்தின் விழுக்காடு சரியாக இருக்கிறதா என்பதைப் பாட்டில் சோதனை காட்டவே காட்டாது. அதற்கு 1968-ம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டப்படி, ஆய்வாளராக இருக்கும் வேளாண் அலுவலர் கடையிலிருந்தே மாதிரி எடுத்து அரசு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கடை, எந்தத் தொகுதி எண் என்று சொல்ல அவரிடம் பில் இருக்க வேண்டும். இல்லை.

மீதி இருந்த கால் லிட்டர் மருந்தை என்ன செய்வது என்று கேட்டார். பயிரில் பூச்சி பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டியிருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பார்த்தோம். தாண்டவில்லை, சிலந்திகள் நன்றாக இருந்தன. இரண்டாவது தெளிப்பை நிறுத்திவிட்டு, டப்பாவைப் பேரக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கச் சொன்னேன். அடுத்த பருவத்துக்கு ஏரித் தண்ணீர் கொண்டுவர 200 லிட்டர் டிரம் ஒன்று வாங்கியிருக்கிறார். மருந்துக்குப் பில்லும் கேட்கப் போகிறாராம்.